துணியில் வந்த கறுப்பு

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இன்றைக்குத் தலவாக்கலையில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது, இரண்டு பொலிஷ் மெசின் இருக்கிறது, வாசலில் எந்த நேரமும் ஒரு வாகனம் நிற்கும். ஹட்டனில் இருந்து நுவரெலியா வரைக்கும் கறுப்புக் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மாணிக்கம் பெயரைத்தான் சொல்வார்கள். வெள்ளைக் காரை எவனும் துடைத்துவிடலாம். வெள்ளை எல்லாத்தையும் மறைத்துக் கொடுக்கும். கறுப்பு அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். கறுப்புக் காரில் கை வைத்துப் பெயர் எடுத்தவன்தான் தொழில்காரன் என்பது என் கட்சி.

அப்படிப் பெயர் எடுத்த நானே ஒரு கறுப்புக் காரிடம் மாட்டிக்கொண்ட கதை இது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. துரையின் பங்களாவில்

முதன்முதலில் நான் துடைத்ததும் கறுப்புக் கார்தான். பத்தொன்பது வயதில் எங்கள் தோட்டத்தை நடத்தின துரையின் பங்களாவுக்குக் கார் கழுவப் போனேன். துரை தோட்டத்து ரோட்டில் போய்விட்டு வந்ததால் கார் முழுக்கப் புழுதி. தண்ணீர் எடுக்கப் பைப்படிக்குப் போகச் சோம்பல். காய்ந்த சாரத்துணி ஒன்றை எடுத்து பொனட்டை வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பளபளவென்று இருந்தது. நானே என் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டேன்.

பனி விலகி வெயில் விழுந்ததும் துரை வெளியே வந்தார். பொனட்டைப் பார்த்துவிட்டு இங்கிலீஸில் என்னமோ சொன்னார். டிரைவர் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"தொர கேக்குறாரு, காரத் தொடச்சியா, இல்ல வெறகப் போட்டு இழுத்தியான்னு."

வெயிலில் பார்த்தால் பொனட் முழுக்கச் சிலந்தி வலை கட்டின மாதிரிக் கீறல். புழுதி என்பது மண். மண்ணைத் துணியில் வைத்துத் தேய்த்தால் அது மரம் தேய்க்கிற பட்டைச் சீலை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கீறலைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

அன்றில் இருந்து என் சட்டம் இதுதான். முதலில் நிறையத் தண்ணீர். புழுதி தானாக இறங்கிப் போகும் வரைக்கும் துணி தொடக்கூடாது. இரண்டு வாளி வேண்டும், ஒன்று சோப்புக்கு, மற்றது துணி அலச. மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் காருக்குப் பக்கத்தில் போக வேண்டும். கீழே விழுந்த துணி செத்த துணி, உதறிவிட்டுத் திரும்பத் தொட்டால் அந்த ஒரு மண் போதும். வட்டமாகத் தேய்க்காதே, கார் ஓடும்போது காற்று போகிற திசையில் நேராக இழு. பொனட்டைப் புறங்கையால் தொட்டுப் பார், சுட்டால் வேலையைத் தொடங்காதே. எங்கள் பக்கத்தில் சூட்டைவிடப் பனிதான் தொல்லை. ஈரக் காற்றில் வக்ஸ் காயாது, காயுமுன் துடைத்தால் இழுபடும். சாம்பல் பூத்த மாதிரி வந்த பிறகுதான் துடைக்க வேண்டும்.

2. முதலாளியின் கார்

டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த சுப்பையா முதலாளியின் கார்தான் என்னை ஆளாக்கியது. பழைய ஜப்பான் கார். அட்டைக் கறுப்பு. முதலாளி அதைக் கப்பலில் இருந்து இறங்கினபடியே வாங்கி, நேராகக் கதிர்காமத்துக்கு ஓட்டிப் போய், அங்கே வாங்கின வெள்ளி நிற வேல் ஸ்டிக்கர் ஒன்றை டிக்கி மூடியில் ஒட்டினார். ஒரு சாண் நீளம். ஆயுத பூஜை தவறாமல் அந்த வேலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்.

இருபது வருசத்துக்கு மேல் அந்தக் காரில் என்னைத் தவிர யாரும் துணி வைத்ததில்லை. தைப்பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை, சித்திரைக்கு முன்னால் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை முழு பொலிஷ். கொம்பவுண்ட் என்கிற தேய்ப்பு மருந்து போட்டு அறுத்து, பிறகு வக்ஸ் போட்டுப் பளபளப்பு ஏற்றுவேன். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். நான் துணியைப் பிரித்துக் காட்டுவேன். துணி கரிச்சட்டி துடைத்த மாதிரிக் கறுப்பாக இருக்கும்.

"பாருங்க மொதலாளி, எவ்வளவு அழுக்குன்னு."

"அடேயப்பா! கராஜுக்குள்ளயே நிக்கிற காருக்கு இம்புட்டு அழுக்கு எங்கேருந்துடா வருது?"

"அது காத்துல வர்றதுங்க. மத்தவன் கண்ணுக்குத் தெரியாது."

அவரும் நம்பினார். நானும் நம்பினேன்.

வேல் ஸ்டிக்கரில் மட்டும் நான் மருந்து பட விடமாட்டேன். வக்ஸிலும் கொம்பவுண்டிலும் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் பேச்சு. உண்மையோ பொய்யோ, சாமி மேல் அதைப் பூச மனசு வருமா? முதலாளி சொல்லி நான் செய்யவில்லை, நானாகத்தான் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு டிக்கிப் பக்கம் போவேன். விரல் நுனியில் துணியைச் சுற்றி, வேலின் ஓரம் வரைக்கும் அழுத்தித் தேய்த்துக்கொண்டு போவேன். ஓரத்தில் ஒரு பொட்டு வெள்ளை மருந்து தங்காது. அந்த வேலையைப் பார்க்கவே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

3. வெள்ளிக்கிழமை

நாலைந்து வருசத்துக்கு முன்னால் முதலாளிக்குக் கண் மங்கிவிட்டது. மகன் கொழும்பில், அவருக்கு இந்தப் பழைய கார் வேண்டாம். யாரிடமாவது கொடுத்தால் உடைத்து சாமானுக்கு விற்றுவிடுவானோ என்று முதலாளிக்குப் பயம். கடைசியில் நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒரு சிங்கள ஐயா, நாங்கள் மாத்தியா என்போம், கேட்டு வந்தார். பழைய கார்களைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர். தமிழும் நன்றாகப் பேசுவார்.

"கம்பனி பெயிண்ட்னா நான் எடுக்கிறேன் மொதலாளி. திரும்ப அடிச்ச பெயிண்ட்னா எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

முதலாளி என் தோளில் கை வைத்தார். "இவன் கைதான் பட்டிருக்கு. இவனுக்கு நான் ஜவாப்தாரி."

நானும் சும்மா இருந்தேனா? "மயிரிழை பெயிண்ட் கூட கொறையலைங்க மாத்தியா. வந்த நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பத்து மணிக்கு, ராகு காலத்துக்கு முன்னால், என் கடையிலேயே காரைக் கைமாற்றுவதென்று பேச்சு. முதலாளி ஒன்றே ஒன்று கேட்டார். "வேல மட்டும் கிழியாம எடுத்துக் குடுடா. சாமியறைல வைக்கணும்."

ஏழு மணிக்குக் கடையைத் திறந்தேன். முடி காய வைக்கிற மெசினால் ஸ்டிக்கரைச் சூடு காட்டி, நைலோன் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தேன். கிழியாமல் வந்தது. மூலையில் இருந்த சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். மிச்சப் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுத்தேன்.

ஸ்டிக்கர் போய்விட்டது. வேல் போகவில்லை.

டிக்கி மூடியில் கன்னங்கரேலென்று ஒரு வேல் நின்றது. அதைச் சுற்றி இருந்த கறுப்பு அதற்குப் பக்கத்தில் சாம்பல் மாதிரி இருந்தது. முதலில் பசை என்று நினைத்தேன். விரலால் தடவினேன். ஓரத்தில் நகம் தட்டியது. வேலின் உள்ளே பெயிண்ட் மேடு, வெளியே பள்ளம்.

சுற்றி இருந்த நிறத்தை வெயில் குடித்துவிட்டது என்று சொல்லலாமென்று பார்த்தேன். கராஜிலேயே நின்ற கார், அதுவும் எங்கள் ஊர் வெயில். யார் நம்புவார்கள்?

மணி எட்டரை. என்னிடம் இரண்டாயிரம் நம்பர் தண்ணீர்ச் சீலை, நனைத்துத் தேய்க்கிற மெல்லிய பட்டைச் சீலை, இருந்தது. வேலைத் தேய்த்து மட்டம் பண்ணிவிட்டால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும், மேலே வக்ஸ் போட்டு ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. சீலையை நனைத்து வேலின் நுனியில் நாலு இழுப்பு இழுத்தேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. துணியால் ஒற்றினேன். துணியும் கறுப்பு. முதலாளிக்கு வருசா வருசம் விரித்துக் காட்டினேனே, அதே கறுப்பு.

என் கை நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் போட்டு இப்போதுதான் துடைத்த இடம். அங்கே ஏது அழுக்கு? அது பெயிண்ட். இருபது வருசமாக நான் பெருமையாக விரித்துக் காட்டியதெல்லாம் பெயிண்ட். இந்த மாதிரிப் பழைய கார்களுக்குக் கறுப்புக்கு மேலே கண்ணாடி மாதிரிக் காவல் பூச்சு கிடையாது. கொம்பவுண்ட் போடப் போட நிறம்தான் கரைந்து வரும். அழுக்கைத் தின்கிறேன் என்று நினைத்துக் காரைத் தின்றிருக்கிறேன்.

அப்போது ஓட்டோ வந்து நின்றது. முதலாளியும் அம்மாவும் ஒரு மணித்தியாலம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அம்மா என்றால் முதலாளியின் சம்சாரம், வாய் கொஞ்சம் காரம்.

"எடுத்துட்டியாடா?"

"எடுத்துட்டேங்க மொதலாளி." சீலை கையில் இருந்தது. மறைக்கத் தோன்றியது, மறைக்கவில்லை. "ஆனா நீங்க இங்க ஒருக்காத் தொட்டுப் பாக்கணும்."

அவருக்குக் கண்தான் மங்கல், விரல் இரும்புக் கடை விரல். தகட்டைத் தடவியே கனம் சொல்கிறவர். வேலின் ஓரத்தில் நகத்தை ஓட்டினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"அப்ப நீ காட்டுன அழுக்கு?"

"பெயிண்டுங்க மொதலாளி."

"இத்தனை வருசமா என் காரையே தொடச்சு எனக்கே காட்டியிருக்கே."

அம்மாதான் பேசினார்கள்.

"ஊருல எல்லாரையும் நம்பலாம், முருகன் மட்டும் இவன நம்பல போல. தன் எடத்த விட்டுக் குடுக்காம நின்னிருக்காரு பாருங்க."

முதலாளி சிரிக்கவில்லை. "நுனி சொரசொரன்னு இருக்கே?"

"அதத் தேச்சு மறைக்கலாம்னு பாத்தேங்க. நாலு இழுப்பு. அப்புறம் முடியல."

"மாத்தியாகிட்ட நீயே சொல்லு. ஜவாப்தாரின்னு சொன்னவன் நான். எனக்கு வாய் வராது" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கார் இனி உடைக்கிறவனிடம்தான் போகும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது மாத்தியா வந்தார். நான் டிக்கிப் பக்கம் கூட்டிப்போய் ஒன்று விடாமல் சொன்னேன். மயிரிழை கூடக் குறையவில்லை என்று சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அவர் குனிந்து டோர்ச் அடித்தார். நகத்தால் தட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மொதலாளி, இது திரும்ப அடிச்ச பெயிண்ட் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"திரும்ப அடிச்சா ஸ்டிக்கர எடுத்துட்டுத்தானே அடிக்கணும்? இந்த மேடு இருக்காதே. இந்த வேல்தான் சாட்சி. இத மட்டம் பண்ணியிருந்தா நான் சந்தேகப்பட்டுப் போயிருப்பேன்." என்னைப் பார்த்தார். "நாலு இழுப்போட நிறுத்தினீங்க பாருங்க, அது நல்லது."

ராகு காலத்துக்கு முன்னால் சாவி கைமாறியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஹோட்டல் வாகனங்களின் வேலையும் எனக்குத்தான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

காரில் ஏறும்போது மாத்தியா கண்ணாடியை இறக்கினார்.

"கோவிச்சுக்காதீங்க மாணிக்கம். இந்தக் காருக்கு மட்டும் நீங்க இனிக் கை வைக்க வேணாம்."

முதலாளி, அம்மா எல்லார் முன்னாலும். நான் "சரிங்க மாத்தியா" என்றேன். வேறு என்ன சொல்ல?

4. இப்போது

இப்போது ஒரு கறுப்புக் கார் உள்ளே வந்தால் முதலில் ஸ்டிக்கரைக் கழற்றச் சொல்வேன். சாமி ஸ்டிக்கர் என்றால் கும்பிட்டுவிட்டு நானே கழற்றி, வேலை முடிந்ததும் அதே இடத்தில் புதிது ஒட்டிக் கொடுப்பேன். பிறகு கண்ணில் படாத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியால் கொஞ்சம் பொலிஷ் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். துணி கறுத்தால் மெசினை எடுக்கவே மாட்டேன். கையால் வக்ஸ் மட்டும், மெல்லிசாக. கீறல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். கீறலோடு இருக்கிற பெயிண்ட், இல்லாத பெயிண்டைவிட நல்லது. பளபளப்பாக வேண்டும் என்று சண்டை போடுகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறேன். அப்படி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் என் கடையில் கூட்டம் கூடியது. இது பெருமைக்குச் சொல்வது, உண்மையும் கூட.

போன மாசம் கண்டியில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். டிரைவருக்குப் பக்கத்து சீட். இறம்பொடை வளைவுகளில் ஏறும்போது நல்ல தூறல், முன்னால் ஒரு கறுப்புக் கார். டிக்கியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேய்ந்த பெயிண்டில் தண்ணீர் பரவும், தேயாத பெயிண்டில் உருளும். மூடி முழுக்கத் தண்ணீர் பரவி வழிந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு சாண் இடத்தில் மட்டும் முத்து முத்தாக உருண்டு நின்றது. நுனி மட்டும் கொஞ்சம் மழுங்கின ஒரு வேல்.

பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லலாமென்று வாய் வரைக்கும் வந்தது, இது நான் பொலிஷ் போட்ட கார் என்று. சொல்லவில்லை. அந்தக் காரில் நான் செய்த நல்ல வேலை, நான் தொடாமல் விட்ட அந்த ஒரு சாண் இடம்தான்.