மூன்றாம் தரம் விழுந்த துணி

குவைத்திலிருந்து சாச்சி கொண்டுவந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு துணி இருந்தது. கரும்பச்சை வெல்வெட், ஓரமெல்லாம் தங்க நிறக் குஞ்சம். பெட்டி பழுதாகிப் போய் எத்தனையோ வருடமாயிற்று. துணி இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. சின்ன வயதில் அந்தத் துணியை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

சாச்சி என் உம்மாவின் தங்கை. எண்பதுகளின் நடுவில், குவைத்தில் ஒரு வீட்டில் இரண்டு வருடம் சமையல் வேலை செய்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பி, எங்களோடு வந்து தங்கினார். பெட்டியோடு படம் போடும் டெக் ஒன்றும் நாலு கசட்டும் வந்தன. அதில் ஒன்று, அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சலித்துக் கழித்துவிட்ட பேய்ப் படம். பெரிய மாளிகை, தானாக அணையும் விளக்குகள், படிக்கட்டில் சறுக்கி விளையாடும் கிழட்டுப் பேய். பாஷை எங்களில் யாருக்கும் விளங்காது. பேய்க்குப் பாஷை எதற்கு?

வெளிநாட்டுக் கசட் என்றாலே அப்போது ஊருக்குச் சந்தேகம். உள்ளே என்ன அசிங்கம் இருக்குமோ என்று பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். உம்மாவுக்கும் அதே பயம். “புள்ளைகளுக்குக் காட்டுறண்டா முதல்ல நீ முழுக்கப் பாத்திரு. பாக்கப்படாதது வந்தா துணியப் போட்டு மூடிரு” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாச்சியும் தலையாட்டினார். பிள்ளைகள் கொஞ்சம் பயப்படலாம், ஆனால் மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு தனியாகக் கிணற்றடிக்குப் போகமாட்டேன் என்று அழுமளவுக்குப் பயப்படக் கூடாது என்பது சாச்சி வைத்த அளவு.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பேய்ப் படம்தான். ஜும்ஆ முடிந்து சோறு தின்ற கையோடு மச்சான்மார், மச்சிமார் என்று பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் எங்கள் மண்டபத்துப் பாயில் வந்து நெருக்கிக்கொண்டு உட்காருவோம். இருட்டாக்க வேண்டும் என்று ஜன்னல்களை எல்லாம் அடைப்போம். வாசல் கதவை மட்டும் சாச்சி அடைக்க விடமாட்டார். அம்மிக்குழவியை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பார். வெளிச்சம் நேரே திரையில் விழும், பேய் வெளிறிப்போய்க் கொடியில் காயும் பழைய சாரன் மாதிரித் தெரியும். “கதவ அடைங்க சாச்சி, பேய் தெரியிதில்ல” என்று கத்துவோம். “தெரிஞ்ச மட்டும் போதும், பாருங்க” என்பார். தூங்கும்போதும் அவர் அறைக் கதவு திறந்தேதான் கிடக்கும். வெளிநாட்டுக் குளிரறையில் படுத்துப் பழகியவளுக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று உம்மா சமாதானம் சொல்லிக்கொண்டார். அதையும் நான் நம்பவில்லை.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. அப்போது வயது ஒன்பது. படத்தில் துணி எத்தனை தரம் விழுகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். மூன்று தரம். முதல் இரண்டு தரமும் துணிக்குப் பின்னாலிருந்து அலறலும் பேய்ச் சிரிப்பும் கேட்கும், சாச்சியும் சேர்ந்து சிரிப்பார். மூன்றாம் தரம் அப்படியில்லை. துணி விழுவதற்கு முன்னமே சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். துணியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளதிலேயே பெரிய பேயை எங்களுக்குக் காட்டாமல் தான் மட்டும் பார்த்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த நேரத்தில்தான் குவைத்திலிருந்து அதே வீட்டார் சாச்சியை மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். சாச்சிக்கென்று தொடங்கிய வீடு அரைச்சுவரில் நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை வருவதில்லை. அதனால் இன்னும் இரண்டு வருடம் போய்வந்தால் கூரையும் ஏறிவிடும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்தவர், அவர்களுடைய காக்கா அவர். உம்மாவும் ஓம் என்றுதான் சொன்னார். சாச்சி மட்டும் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே என்ன குறை, சும்மா சோம்பல் என்று மாமா உம்மாவிடம் முணுமுணுத்தார்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மாமா சாச்சியைப் பாஸ்போட் அலுவலாக ஏஜென்சிக்காரரிடம் கூட்டிப்போனார். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. கசட்டைப் போட்டு, ஓட்டி ஓட்டி, மூன்றாம் தரம் துணி விழும் இடத்தில் நிறுத்தினேன்.

பேய் இல்லை. இரத்தம் இல்லை. உம்மா பயந்த அசிங்கமும் இல்லை. மாளிகையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை வீட்டுக்காரி படிக்கட்டுக்குக் கீழே சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டுகிறாள். அந்தப் பெண் கதவில் அடிக்கிறாள். அடித்துக்கொண்டே இருக்கிறாள். நான் டெக்கை நிறுத்திவிட்டேன்.

ஏமாற்றம் தாங்காமல் குசினிக்கு ஓடினேன். உம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “உம்மா, சாச்சி நமக்குப் பொய் சொல்றா. மூணாந்தரம் துணியப் போடக்குள்ள பேய் ஒண்டுமில்ல. வேலைக்காரி ஒருத்திய அறைக்குள்ள போட்டுப் பூட்டுறாங்க. அவள் கதவுல அடிக்காள். அவ்வளவுதான். அதுக்கென்னத்துக்கு மூடணும்?”

உம்மா தொடர்ந்து இரண்டு தரம் புடைத்தார். பிறகு கை நின்றது. என்னைத் தாண்டி மண்டபத்துப் பக்கம் பார்த்தார். வாசல் கதவடியில் அம்மிக்குழவி கிடந்தது. “எனக்கும் அதக் காட்டு” என்றார். நான் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு போய்ச் சுளகை எடுத்தார், ஆனால் அன்று அரிசி புடைபடவில்லை.

சாச்சி வந்ததும் உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா கடதாசிகளோடு பின்னால் நின்றார்.

“எத்தின நாள் புள்ள உன்னப் பூட்டி வெச்சிருந்தாங்க?”

சாச்சி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “பதினொரு நாள் ராத்தா” என்றார்.

“ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க அழுவீங்க. வீடும் அப்பிடியே நிண்டுரும்.”

உம்மா மாமாவின் கையிலிருந்து கடதாசிகளை வாங்கினார். “இவ போகமாட்டா காக்கா. அரைச்சுவர் வீட்டுக்கு ஒருத்தன் வந்தா வரட்டும்.” மாமா போய் வாசலில் இருந்தார். நான் ஒரு பேயைப் பிடித்துக் கொடுக்கத்தான் ஓடிப்போனேன், சாச்சியைப் பிடித்து நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியாது. வீடு எழும்ப நாலு வருடம் பிடித்தது. அந்தப் படத்தைச் சாச்சி பிறகு போடவே இல்லை.

போன கிழமை என் மகளின் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கான பேய்ப் படம் ஒன்று போட்டார்கள். ஏழு வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று திரையிலேயே எழுதியிருந்தது. அந்த எழுத்தை நம்பாமல் நானும் கூட உட்கார்ந்தேன். என்னைப் பார்க்க வந்த சாச்சி, நரைத்த தலையில் முக்காடு நழுவ, வழக்கம்போலத் திறந்த கதவோரக் கதிரையில் இருந்தார். பாதிப் படத்தில் ஒரு சிறுமியைப் பரணுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவள் கதவில் அடிக்கத் தொடங்கினாள். நான் என்னையறியாமல் எழும்பினேன். என் கை அலுமாரிப் பக்கம் போனது.

“இரி புள்ள, மூடாத” என்றார் சாச்சி. “இவள் வெளிய வாறத நான் பாக்கணும்.”