சும்மா இருந்தவளின் கலோரி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓசூரில் என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில் குடும்பங்களுக்கு மருத்துவ முகாம் வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது எழுபத்திரண்டு கிலோ. முட்டி வலிக்கிறது என்றதும், எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் லேப்டாப்பில் என் வயது, உயரம், எடை எல்லாம் தட்டினாள். “என்ன வேலை பண்றீங்க?” என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். “வேலைக்கெல்லாம் போவுல மேடம். வீட்லதான் சும்மா இருக்குது.”

அவள் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினாள். எடை குறைய ஒரு நாளைக்கு எனக்கு ஆயிரத்து நூறு கலோரி போதுமாம். என் கணவருக்கும் அதே மாதிரி கணக்குப் போட்டாள். ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்ட்ஸ் செக் பண்ணுகிற அவருக்கு ஆயிரத்து ஐந்நூறு.

ராயக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். இரண்டு கறவை மாடு, முக்கால் ஏக்கர் தக்காளி. பால் கறப்பது, புல் அறுத்துச் சுமப்பது, செடிக்குத் தண்ணீர் கட்டுவது, பறிப்பது எல்லாம் நான்தான். இதில் சும்மா எங்கே இருந்தேன்? ஆனால் அங்கே வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றேன். அதுதான் என்மேல் எனக்கே ஆறாத கோபம்.

காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்தேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி ஒரு சப்பாத்தி. தினம் சாப்பிடுகிற கேழ்வரகுக் களியைத் தொடவே இல்லை. முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியதும் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் கை நடுங்கியது, கண் இருட்டியது. எடை குறையும்போது அப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

நாலாவது வாரம், மண்டிக்குப் போகிற டெம்போவில் தக்காளிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து கிலோ பெட்டி. தூக்கியதுதான் தெரியும். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், பெட்டி என் கணுக்கால்மேல் கிடந்தது. தலைக்கு ஒரு சாண் தள்ளி வரப்புக் கல். கூடப் பறிக்க வந்த பெண் என் தலையை மடியில் தூக்கி வைத்து, “ஏங்க்கா, காலையில என்னாதான் துன்னீங்க?” என்றாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, தன் தூக்குச்சட்டியிலிருந்த களியைக் குழம்பில் தொட்டு ஊட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எலும்பில் கீறல், மூன்று வாரம் கட்டு. அந்த மூன்று வாரமும் என் வேலையைச் செய்ய இரண்டு ஆள் வைத்தார் என் கணவர். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. ஆள் சரியாகக் கிடைக்கவில்லை என்றுதான் புலம்பினார்.

கட்டுப் பிரித்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு, அந்த ஆலோசகர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போனேன். இந்தத் தடவை அவரைப் பேச விடவில்லை. விடியற்காலையில் இருந்து படுக்கிறவரை நான் செய்கிறதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப் போனது. “சாரிக்கா, நான் உங்கள்ட்டயே திருப்பிக் கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டு மறுபடி கணக்குப் போட்டாள். இதே வேலை செய்துகொண்டு மெதுவாக எடை குறைக்கவே எனக்கு ஆயிரத்து எண்ணூறு வேண்டுமாம். என் கணவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். “என்னவிட ஜாஸ்தியா காட்டுது. எதாச்சும் தப்பா அமுக்கிட்டீங்களா மேடம்?”

அவள் மறுபடி அமுக்கிக் காட்டியும் அதே எண்தான் வந்தது. இப்போது களியும் சாப்பிடுகிறேன், எடையும் மெல்லக் குறைகிறது, முட்டி வலியும் பரவாயில்லை. அவரும் காலையில் ஒரு மாடு கறக்கிறார். ஆனாலும், பதினைந்து வருஷம் கண்ணெதிரே நான் செய்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் சொல்லித்தான் அவர் நம்பினார் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.