உப்புப் போட்ட ரத்தம்

எனக்குப் பொறாமை உண்டு. அதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைத்துச் சொல்ல எனக்கு வராது. கீரனூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நானும், கடலோர மணமேல்குடியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தோம். ஈரல் ஆபரேஷன் நடக்கும்போது ரத்தக்குழாய்க்குள் இருந்தபடியே சோடியம் அளவைச் சொல்லும், தலைமுடி அளவு சென்சார். சோடியம் தாறுமாறாக ஏறினால் நோயாளியின் மூளை போய்விடும். எங்கள் இரண்டில் ஒன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நான் ஆறு வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறவள். அவள் வந்து ஒன்றரை வருஷம்தான். அதற்குள் "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக்கங்க" என்று பேராசிரியர் என்னிடமே சொல்ல ஆரம்பித்தார். அவள் கொண்டுவரும் மீன்குழம்புகூட எனக்கு ஆகாமல் போனது. அது நன்றாக இருந்ததுதான் காரணம்.

கடைசிச் சோதனை ஆட்டு ரத்தத்தில். கறிக்கடை எங்கள் தெருவில் என்பதால், உறையாமலிருக்க மருந்து விட்ட பாட்டிலைக் கொடுத்து வாங்கி வந்தவள் நான்தான். சரிபார்க்கும் மெஷின் அன்று ரிப்பேர். ஆட்டு ரத்தத்தில் சோடியம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாதா என்று விட்டுவிட்டோம். என் சென்சார் அந்த அளவை அப்படியே காட்டியது. அவளுடையது எகிறிக்கொண்டு போனது.

"மணமேல்குடிச் சென்சாருல்ல, உப்பாத்தான் இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போனேன். கடைக்காரர் கேட்டார்:

"ரத்தம் நல்லா இருந்துச்சா டீச்சர்? ஒங்க பாட்டிலுக்கு வாய் சின்னது, பிடிக்க முடியல. சட்டியில பிடிச்சுத்தான் ஊத்துனேன்."

"சட்டியிலயா?"

"ஆமா, எப்பவும் போல உப்பு அள்ளிப் போட்டுத்தான். பொரிச்சா ருசியா இருக்குமுல்ல."

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். நம்ப முடியாத எண் வந்தால் ஒதுக்கிவிட்டு முந்தைய எண்ணையே காட்டும்படி எழுதி வைத்திருந்தேன், கோடு திரையில் அழகாக ஓட வேண்டும் என்று. அன்று அது காட்டியது, சோதனைக்கு முன் தோய்த்துப் பார்த்த, ரத்த அளவுக்கே கலக்கிய உப்புக் கரைசலின் எண்ணை. அவளுடையது உள்ளதைச் சொன்னது. என்னுடையது, ஆபரேஷன் மேசையில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தாலும் எல்லாம் சௌக்கியம் என்றுதான் சொல்லும்.

கடைக்காரரையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை என் சென்சாரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வண்டி வந்து நின்றது. அப்போதுதான் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். வண்டியைத் திருப்பி அனுப்பினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒங்க எடத்துல நான் இருந்தா சொல்லியிருக்க மாட்டேங்க்கா" என்று அழுதாள்.

பொய். அவளாக இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே, கறியைக்கூட வாங்காமல் பஸ் ஏறியிருப்பாள். எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. அதற்கும் சேர்த்து எனக்கு வயிறு எரிந்தது.