ஏவுகணைக் குன்றில் என் கட்சி அட்டை

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருக்கும் மில்பிடாஸிலிருந்து ஐம்பத்தைந்து மைல் தள்ளி, சான் ஃபிரான்சிஸ்கோவின் சிவப்புப் பாலத்தைத் தாண்டியதும் வரும் குன்றுகளில் பழைய ஏவுகணைத் தளம் ஒன்று இருக்கிறது. போன சனிக்கிழமை போய் வந்தோம். ஊர் சுற்றும் ஆசையில் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்தில் 'ஆம்' போடுவதா 'இல்லை' போடுவதா என்று மூன்று வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவன், அப்படியொரு கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று பார்க்கப் போனேன்.

படிவம் குடியுரிமைக்கானது. கேள்வி, நீங்கள் எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்ததுண்டா என்பது. எனக்குத் திருப்பூர். அப்பா பனியன் கம்பெனித் தொழிலாளி, கட்சிக்காரர். பத்தொன்பது வயதில் என்னையும் கிளையில் சேர்த்துவிட்டார். அட்டை கொடுத்தார்கள், மூன்று வருடம் சந்தா கட்டினேன். பிறகு சென்னை, வேலை, விசா என்று வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. நம் ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமா? கட்சி தேர்தலில் நிற்கும், பெரும்பாலும் தோற்கும், கூட்டணி மாறும். போன தேர்தலில் யாரைத் திட்டி அப்பா போஸ்டர் ஒட்டினாரோ, அவருக்கே இந்தத் தேர்தலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்பார்.

சிக்கல் வேறு இடத்தில். எட்டு வருடம் முன்பு கிரீன் கார்டு படிவத்திலும் இதே கேள்வி இருந்தது. அப்போது எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில், யாரோ நிரப்பிய படிவம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் 'நோ' என்பதுதான் அதன் ரகசியம். தீவிரவாதியா, நோ. கடத்தல்காரரா, நோ. அந்த வேகத்தில் இதற்கும் நோ போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இப்போது 'ஆம்' என்றால் அன்று சொன்னது பொய்யாகிறது. 'இல்லை' என்றால் அதே பொய்யைத் தெரிந்தே இரண்டாம் முறை சொல்கிறேன். கிரீன் கார்டுக்கே ஆபத்து வந்தால் வேலை, வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஆட்டம் காணும். பயமாகத்தான் இருந்தது.

"நோன்னே போடுங்க. திருப்பூர் கிளை ஆபீஸ்ல போய் யாரு செக் பண்ணப் போறா?" என்பது என் மனைவி கவிதாவின் கட்சி.

காலை 10.20க்குக் கிளம்பினோம். 237ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து 101இல் வடக்கே. நகரத்துக்குள் சிக்னல் சிக்னலாக நின்று இருபது நிமிடம் போனது. வழியெல்லாம் பதினோரு வயது மகள் நிலா, குடியுரிமைத் தேர்வுக்கான அட்டைகளை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். பனிப்போரின்போது அமெரிக்காவின் முக்கியக் கவலை என்ன? கம்யூனிசம் என்றேன். சரியான விடை. 'ஆம்'-'இல்லை' சண்டை வீட்டில் நடந்தபோது அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

பாலத்தைத் தாண்டியபோது 11.50. இரண்டாவது எக்ஸிட். அடுத்து ஒரு சுரங்கப்பாதை வரும், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். சிவப்பு விளக்கு விழுந்தால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், பதறாதீர்கள்.

தளத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஏவுகணையின் பெயர் நைக்கி. உங்களுக்கும் ஷூ ஞாபகம் வந்தால் கவலை வேண்டாம், நிலாவுக்கும் அதுதான் வந்தது. நாற்பதடி நீளத்தில் வெள்ளையாகப் படுத்திருக்கிறது. சோவியத் விமானங்கள் குண்டு போட வந்தால் வானத்திலேயே அடிப்பதற்காக வைத்தது. விமானங்கள் வரவே இல்லை. சுற்றிக் காட்டியவர் எண்பதை நெருங்கும் தன்னார்வலர், இளவயதில் இப்படியொரு தளத்தில் வேலை பார்த்தவராம். அவர் ஓர் உலகப்படத்தை விரித்தார். சோவியத் பக்கம் சிவப்பு, அமெரிக்கப் பக்கம் நீலம். சீனா சிவப்பு, ஆனால் பின்னாளில் ரஷ்யாவோடு சண்டை போட்டு அமெரிக்காவோடு கை குலுக்கியது. பாகிஸ்தான் நீலம். இந்தியாவுக்கு நிறமே இல்லை. எங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் தின்றது அமெரிக்கக் கோதுமை உப்புமா, வளர்ந்து படித்தது மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகம். அவருக்கு என்ன நிறம் அடிப்பது? குழப்பம் தீரும் என்று வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடியது.

பிறகு ஏவுகணையோடு எங்களையும் லிஃப்டில் பாதாள அறைக்கு இறக்கினார். அங்கேதான் சிறுவர்களைப் பார்த்து, இதை யாருக்காக வைத்திருந்தோம் என்று கேட்டார். நிலா கை தூக்கினாள்.

"கம்யூனிஸ்ட்ஸ். மை டாட் வாஸ் ஒன்."

கூட இறங்கிய பதினைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கவிதாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. பெரியவர் எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன், எங்கள் கட்சி தேர்தலில் நிற்கும், தோற்றால் வீட்டுக்குப் போய்விடும் என்றேன். தேர்தலில் நிற்கும் கம்யூனிஸ்டா என்று அவர் தலையைச் சொறிந்தார். அவருடைய படத்தில் எனக்கும் இடமில்லை. நீ அங்கே என்னதான் செய்தாய் என்றார். கிளைப் பையன்களோடு வாலிபால் விளையாடினேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்று நினைத்த அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. வாலிபால் ஆடியது உண்மைதான். ஆனால் கூலி உயர்வுக்காக அப்பாவோடு வெயிலில் ஊர்வலம் போனதும் நான்தான். அன்று அதை முழு மனதோடு நம்பினேன்.

திரும்பும்போது சுரங்கப்பாதையில் சிவப்பு விழுந்தது. பின்சீட்டிலிருந்து நிலா, வாஸ் இட் எ சீக்ரெட் என்று மெல்லக் கேட்டாள். கவிதா என் பக்கம் திரும்பினாள்.

"அவ நெஜத்தத்தானே சொன்னா. இனி பொய் சொல்லாதேன்னு அவகிட்ட நான் எந்த மூஞ்சியோட சொல்றது? யெஸ் போடுங்க. பழசுக்கு லாயரைப் பார்க்கலாம்."

போக நினைப்பவர்களுக்கு: பெரும்பாலும் சனிக்கிழமை மதியம் மட்டும்தான் திறக்கிறார்கள், கிளம்புமுன் சரிபாருங்கள். வெயிலடித்தாலும் ஜாக்கெட் வேண்டும், காற்று ஆளைத் தள்ளும். பாலத்தில் டோல் திரும்பும்போதுதான், பத்து டாலருக்குச் சற்றுக் குறைவு. அங்கே சாப்பிட எதுவும் கிடைக்காது, நாங்கள் தயிர்சாதம் கொண்டுபோனோம். இன்னொன்று, படிவங்களை நீங்களே படித்து நிரப்புங்கள், வாட்ஸ்அப்பைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

வக்கீலைப் பார்க்க வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். என்ன ஆகும் என்று தெரியாது. நேற்று 'ஆம்' போட்டுவிட்டு, விளக்கம் எழுதும் இடத்தில், இளவயதில் வாலிபால் விளையாடுவதற்காகச் சேர்ந்தேன் என்று எழுதினேன். கவிதா வாங்கிப் படித்தாள்.

"இத அழிங்க" என்றாள். "திருப்பூர்ல மாமா படிச்சா மனசு ஒடஞ்சிடுவாரு."

அழித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.