பாவாடை நாடா பதிந்த இடம்

முதலில் வெறும் அரிப்புதான். இடது இடுப்பில், பாவாடை நாடாவின் முடிச்சு விழும் இடத்தில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது நமநமவென்று அரிக்கும். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க டீச்சர் இடுப்பைச் சொறிய முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கணக்கை எழுதி முடிப்பேன்.

இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது அந்த இடத்தில் தோல் கறுத்துத் தடித்து, நடுவில் வெளுத்திருந்தால், இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் இதில் என்னைப் பற்றி நல்லதாக அதிகம் இல்லை.

என் பெயர் சிசிலி. செஞ்சியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் கணவரும் அவர் தம்பியும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு குடியிருக்கிறார்கள். கிணறு பொது. தம்பியின் மனைவி ரோசலி புதுச்சேரியில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, மாதா கோயில் பூசைக்கு உள்பாவாடை கட்டி, அதன்மேல் ஆறு கஜப் புடவையை ஒரு சுருக்கமில்லாமல் உடுத்திக்கொண்டு வந்தாள். இடுப்பு ஒரு பிடிதான் இருக்கும். அதுவரை நாங்களெல்லாம் புடவையைச் சுற்றிச் செருகிக்கொண்டு போனவர்கள். பெண்கள் விஷயத்தில் வாயே திறக்காத என் கணவர், திரும்பி வரும் வழியில் சொன்னார்: "ரோசலி கட்டறாப்பல நீயும் கட்டேன். பாக்கறதுக்கு நல்லா இருக்குது."

அவர் அதை வீடு சேர்வதற்குள் மறந்திருப்பார். நான் பதினான்கு வருஷம் மறக்கவில்லை.

அடுத்த வாரமே பாவாடை தைத்துக்கொண்டேன். என் இடுப்பு உரல். உரலைப் பிடியாக்க வேண்டுமென்றால் நாடாவை இழுக்கத்தான் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, இரண்டு முடிச்சுப் போடுவேன். யுத்தம் வந்து துணிக்குக் கட்டுப்பாடு வந்ததும் கடையில் நாடா கிடைக்கவில்லை. மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை தைக்கிற சணலை மூன்று புரியாகத் திரித்துக் கோத்துக்கொண்டேன். சணல் வழுக்காது, நன்றாக இறுகும் என்று எனக்குச் சந்தோஷம்கூட.

ஒருநாள் கிணற்றடியில் ரோசலி என் இடுப்பைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது? தோலு செருப்பாட்டம் ஆயிட்டுக்குது. கொஞ்சம் தளத்திக் கட்டுக்கா."

"உன் வேலையப் பாத்துக்கினு போ" என்றேன். எனக்கும் தன்னைப்போல் இடுப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கறுப்புக் கோடு ஒருநாள் வெடித்தது. அரையணா அகலத்துக்குப் புண். ஓரம் தடித்து, வரப்புபோல் மேலெழும்பியிருந்தது. வேப்பெண்ணெய் தடவினேன். மஞ்சள் அரைத்துப் போட்டேன். பொருக்குக் கட்டும், மறுநாள் சணல் அதைப் பிய்த்துவிடும். எட்டு மாதம் யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் ரோசலிக்குத் தெரிந்துவிடும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வலி இல்லாததும் வசதியாகப் போயிற்று. வலிக்காத புண்ணை நம்பாதீர்கள் அம்மா.

கடைசியில் என் மகள் லூர்து, துவைக்கப் போட்ட பாவாடையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சித்தியிடம் ஓடினாள். என்னிடம் கேட்கவில்லை, அதுவும் எனக்குச் சுட்டது. ரோசலி என் கணவரிடம் சொன்னாள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் பட்டணம் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். திண்டிவனம்வரை பஸ், அங்கிருந்து ரயில்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா புண்ணின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார் (அதைப் பயாப்சி என்கிறார்கள்; பூதக்கண்ணாடி வைத்து உயிரணுக்களைப் பார்ப்பது). சில நாள் கழித்துக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இது தோல்ல வர்ற புற்றுநோய். பயப்படாம கேளுங்க. மச்சத்துலேர்ந்து கிளம்பற ஒரு வகை இருக்கு, அது வேகமா உடம்பெல்லாம் ஓடும். உங்களுது அது இல்ல. இது மெதுவாப் போறது."

"வெயில்ல நடந்ததால வந்ததா?"

"வெள்ளைக்காரங்களுக்கு வெயில். நமக்குப் பழைய தீக்காயம், ஓயாம உரசற இடம், இதுலதான் வரும். எத்தன வருஷமா இப்படி இறுக்கிக் கட்டறீங்க?"

சொன்னேன். அவர் என் தொடை இடுக்கில் விரலை வைத்து அழுத்தினார். அங்கே ஒரு நெறி (நிணநீர்க் கட்டி, புண் உள்ள பக்கத்தில் வீங்கும்) புளியங்கொட்டை அளவில் இருந்தது. புண்ணின் சீழால் வீங்கியிருந்தால் தானே வடிந்துவிடும், நோய் அங்கே போயிருந்தால் வடியாது, வெட்டிய பிறகுதான் தெரியும் என்றார். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் போய்விட்டால் அவளை யார் வளர்ப்பார்கள் என்று யோசித்தேன். பதில் உடனே தெரிந்தது. செத்துப்போவதைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் அழவைத்தது.

அறுவைக்கு முந்தின நாள் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் சொன்னதால்தானே இறுக்கினேன் என்றேன்.

"நானா சொன்னேன்?" என்றார். "எப்போ?"

ஈதர் மயக்கத்தில் வைத்து, புண்ணைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்தார்கள். அந்தக் குழியில் என் தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவிய தோலை வைத்துத் தைத்தார்கள் (தோல் ஒட்டு). இடுப்பைவிடத் தோல் எடுத்த தொடைதான் எரிந்தது. அடுத்த கட்டிலில் வேலூர்க்கார அம்மாளுக்கு மூக்கோரத்தில் சின்னப் புற்று. அவளுக்குக் கத்தி இல்லை. ரேடிய ஊசி (புண்ணை உள்ளிருந்து கருக்கும் கதிர்மருந்து) வைத்தார்கள். அவளைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். என் நோய்க்கே அந்தக் குணம் உண்டோ என்னவோ.

சுதந்திரம் வந்தபோது நான் அந்த வார்டில் படுத்திருந்தேன். லூர்துவின் கடிதம் வந்தது. சித்தி கொடி தைத்துக் கொடுத்தாங்க, சித்தி எனக்குத் தலை பின்னினாங்க, நைனாவுக்குச் சித்திதான் சோறு போடறாங்க, நைனா ரெண்டு தரம் வாங்கிச் சாப்டாங்க என்று எழுதியிருந்தாள். அந்த ரெண்டு தரத்தை நான் ஒரு வாரம் படித்தேன். நெறி கொஞ்சங் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னபோதும் எனக்கு அந்தக் கடிதம்தான் மனதில் ஓடியது.

ஒரு வருஷத்துக்கு இடுப்பில் எதையும் கட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவது? ரோசலி தன் தையல் மெஷினில் எனக்குப் பாடி பாவாடை தைத்தாள், சின்னப் பெண்கள் போடுவதுபோல் தோளில் தொங்குவது. அச்சாகப் பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அதற்கு மறுநாள்தான் பார்த்தேன். கொடியில் துணி போடக் கையைத் தூக்கினாள், புடவை விலகியது. அவள் இடுப்பில், அதே பக்கம், கறுத்துத் தடித்த கோடு. நடுவில் மிளகளவு வெடிப்பு.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. ஒரு நிம்மதி வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது என்ற நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. என் இலையில் அவள் சோறு போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். பத்தாம் நாள் என் புண்ணுக்குத் துணி மாற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கும் அரிக்குதுக்கா. நீ சணலு கட்டினே, அதனால வந்துது. நான் நாடாதானே கட்டறேன். ஒண்ணும் ஆவாது இல்ல?"

டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற முகம்.

"ஆவும்" என்றேன். "கெளம்பு. காலைல மொத பஸ்ஸுக்குப் போறோம்."

அவளுக்கும் புற்றுதான், ஆரம்பம். சின்னதாக வெட்டி, நேராகவே தைத்துவிட்டார்கள். தோல் ஒட்டக்கூடத் தேவைப்படவில்லை. அவள் இல்லாதபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன், பத்து நாள் முன்னால் வந்திருந்தால் இதைவிடச் சின்னதாகப் போயிருக்குமா என்று.

"பத்து நாள்ல ஒண்ணும் மாறாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

அவருக்கு மாறாது. எனக்கு அதன்பிறகு நாள்கள் பழைய நாள்களாக இல்லை. லீவு விட்டாலும், பரீட்சை வந்தாலும், எதற்கும் பத்து நாள் என்று யாராவது சொன்னால் உள்ளே எதுவோ இறுகுகிறது. ரோசலிக்கு இது இன்னும் தெரியாது. அச்சில் வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு, என் தொடை இடுக்கை அவள் தொட்டுப் பார்க்கிறாள், அவளுடையதை நான். நெறி இருக்கிறதா என்று பார்க்க டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த முறை. என்னை அவள் பார்க்கும்போது நான் பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். அவளை நான் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை. ஒன்றுமில்லை என்று விரலுக்குத் தெரிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாதாவை வேண்டுகிறேன். எனக்காக நான் ஒருநாளும் இப்படி வேண்டியதில்லை.

பிறகு அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொள்கிறாள். தழும்பு இருந்தும் அந்த இடுப்பு அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், அவள் இருக்கட்டும்.