மூன்று நிமிட வியாழன்

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். கவிதா எப்போதும் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று ஆரம்பிப்பவள். அன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, அம்மா குரல் எதுலயாவது இருக்கா பா? முகம் ஞாபகம் இருக்கு. குரல் வரமாட்டேங்குது. நேத்து ராத்திரி முழுக்க நெனச்சுப் பாத்தேன், வரல."

சரோஜா போய் மூன்று வருடமாகிறது. அவள் வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம் கவிதா பத்திரமாக வைத்திருந்தாள். கைப்பேசி தண்ணீரில் விழுந்து அத்தனையும் போய்விட்டது. என்னிடம் படங்கள் உண்டு, குரல் கிடையாது. படத்துக்கே இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும் அவளை. வீடியோ என்றால் ஆளே இருக்கமாட்டாள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவாள். "தேடிப் பாக்குறேன்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

டின்னைத் திறந்ததும் பசையும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே என் முதல் வெப்கேம். அதன் லென்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பாவை அடி வெட்டி ஒட்டியிருந்தேன். அந்த டப்பா தொலைநோக்கியின் கண்வில்லைத் துளையில் கச்சிதமாக உட்காரும். யார் அளவெடுத்துச் செய்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். இன்றைக்கு கிரகம் எடுக்கவென்றே தனிக் கேமரா விற்கிறார்கள். அன்று நாங்களெல்லாம் இப்படித்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது எனக்குப் பினாங்கில், பாயான் பாரு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பகல் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து கணினிச் சில்லுகளில் கீறல் தேடும் வேலை. சாயங்காலமாவது கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கலாமே என்றுதான் தொலைநோக்கி வாங்கினேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். கேட்க நன்றாக இருக்கும். உண்மையில், கூட வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் வீடு மாற்றும்போது வைக்க இடமில்லாமல் என் தலையில் கட்டியது அது.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு வரிசை வீடு. பின்பக்கம் வானம் தெரிகிற மாதிரி ஒரு துண்டு இடம், நடுவே சாக்கடை. இங்கே நாங்கள் லோங்காங் என்போம். அதன்மேல் போட்ட சிமெண்டுப் பலகைதான் என் வானாய்வுக்கூடம். இடம் இத்துனூண்டுதான், ஆனால் கொடுத்துவைத்தவன் நான். பினாங்கில் வியாழன் தலைக்கு நேர் மேலே வரும். குளிர் நாட்டுக்காரர்கள் கூரையோரம் தவழும் வியாழனை எடுத்துவிட்டுப் புலம்புவதை இணையத்தில் படித்து மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்துவிட்டால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எப்படி எடுப்பது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த கூத்து உங்களுக்குப் புரியாது. ஒரே ஒரு படம் எடுத்தால் வியாழன் குழைந்த உருளைக்கிழங்கு மாதிரி வரும். மேலே காற்று ஆடிக்கொண்டே இருக்கிறது. அதனால் வீடியோவாக எடுப்போம். காற்று நின்ற கணங்களில் விழுந்த படங்களை மட்டும் கணினி பொறுக்கியெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு நல்ல படம் தரும். மூன்று நிமிடத்துக்குமேல் எடுக்கக்கூடாது. வியாழன் அத்தனை வேகமாகச் சுழல்கிறது, பட்டைகளெல்லாம் கலங்கிப்போகும்.

அந்த மூன்று நிமிடத்தில் எதுவும் அசையக்கூடாது. அங்கேதான் சரோஜாவுக்கும் எனக்கும் வழக்கு.

எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு வேண்டிய பயற்றங்காயைத் தட்டில் எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் வந்து உட்காருவாள். உட்கார்ந்ததும் அன்றைய செய்தி ஆரம்பமாகும். கோவிலில் யார் யாரோடு பேசவில்லை, மீன்காரி என்ன சொன்னாள், ஹாஸ்டலில் கவிதா என்ன சாப்பிட்டாள். பேச ஆரம்பித்தால் அவளுக்குக் கை கால் எல்லாம் பேசும். நடித்துக் காட்ட எழுந்து ஒரு அடி வைத்தால் போதும், பலகை அதிரும், திரையிலிருந்து வியாழன் துள்ளி வெளியே போய்விடும்.

"சரோ, ஆடுது!"

"நான் எங்க ஆடுனேன்? ஒரு காலத்தான வச்சேன். ஒங்க வியாழன் என்ன கண்ணாடிப் பாத்திரமா?"

சனி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. கோவிலிலேயே சனி பகவானுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவள் அவள். "அது வெறும் வாயு உருண்டை, வளையம் எவ்வளவு அழகு, வந்து பாரு" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். "நீங்க பாத்துட்டீங்கல்ல, அது போதும் இந்தக் குடும்பத்துக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். குரு என்றால் மட்டும் வெளியே வருவாள்.

அந்த வெப்கேமில் மைக் இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஒருநாள் மடிக்கணினியில் வீடியோவைத் திரும்பப் போட்டேன். ஒலிபெருக்கியிலிருந்து பள்ளிவாசல் பாங்கு ஓசையும் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தமும், கூடவே அவள் குரலும் வந்தன. பதறிப்போனாள். "ஐயையோ, என் குரலா இது? தவளை மாதிரில்ல இருக்கு! அழிங்க மொதல்ல!"

அழித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை. அது ஆடிப்போன வீடியோ. கணினியில் இடம் கொஞ்சம், ஒவ்வொரு வீடியோவும் அதில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆடியதை அன்றன்றே அழித்துவிடுவேன், நன்றாக வந்ததைத்தான் தனி வன்தட்டில் ஏற்றி வைத்துக்கொள்வேன். எந்தக் கிரகப் படக்காரனும் இதைத்தான் செய்வான்.

பிஸ்கட் டின்னுக்கு அடியில் இருந்த பழைய வன்தட்டைக் கணினியில் சொருகியபோதுதான் நான் செய்துவைத்திருந்தது எனக்கே விளங்கியது. சனியின் வீடியோக்கள் ஏராளம். அவற்றில் உள்ளே அவள் தாளிக்கிற சத்தம்கூட இல்லை, கதவு சாத்தியிருக்கிறது. வியாழனின் வீடியோக்கள் இருபதுக்கும் மேல். எல்லாம் அருமையானவை, எல்லாம் ஆடாதவை. அதாவது அவள் பேசாதவை. தவளை கத்துகிறது, பின்வீட்டு சீன ஆண்ட்டி துணி உதறுகிறார். அவள் பேசியதையெல்லாம் நானே உட்கார்ந்து தேடித் தேடி அழித்திருக்கிறேன். பாவி என்று என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன்.

ஒன்றில்தான் கிடைத்தது. பதிவை ஓடவிட்ட பிறகு அவள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது.

"இன்னிக்கு பசார்ல ஒரு கூத்து நடந்துச்சுங்க, கேளுங்களேன்..." சொல்லும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது அவளுக்கு.

அடுத்தது என் குரல். "இரு சரோ, மூணு நிமிஷம் பேசாம இரு."

"ம்."

அவ்வளவுதான். பிறகு பயற்றங்காய் ஒடிக்கிற சத்தம் மட்டும், பட், பட்டென்று, கடைசிவரை. எனக்காக அசையாமல் உட்கார்ந்து ஒடித்திருக்கிறாள். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

கவிதாவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"அம்மாவேதான் பா! அந்த 'கேளுங்களேன்'... பத்து தடவ கேட்டுட்டேன்." பிறகு கேட்டாள்: "அப்பா, அந்தக் கூத்து என்ன பா? அப்புறம் என்ன சொன்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் இன்னொரு மூன்று நிமிடம் எடுத்திருப்பேன், அப்புறம் உள்ளே ஓடி அடுக்க உட்கார்ந்திருப்பேன். அவள் சொன்னாளா, நான் கேட்டேனா, அதுகூட நினைவில் இல்லை. "பாத்துச் சொல்றேன்மா" என்று அவளிடம் சமாளித்தேன்.

பார்க்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. நான் படம் எடுத்த ஒவ்வொரு இரவுக்கும் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். வீடியோவில் இருந்த தேதியை வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது. எட்டே காலுக்கு எடுத்தது. இடது பக்கம் இரண்டு நிலா, வலது பக்கம் ஒன்று. சிவப்புப் புள்ளி நடுவில். காற்று மிக அமைதி. கடைசி வரியில், என் கையெழுத்தில்: "தொந்தரவு எதுவும் இல்லை."