முப்பத்தேழு பேருக்கும் சொன்ன பிழை

முத்திரையை மையில் தொட்டு எடுத்த கை தாளில் இறங்காமல் அந்தரத்தில் நின்றது. புதன்கிழமை காலை பத்து இருபது. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தின் மேல்மாடி அறையில், சுபாஷினி ஒரு பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி முடித்திருந்தாள். ‘பெற்றோர் விவாகம் செய்தவர்களா?’ என்ற கூட்டில், அதாவது படிவத்தின் கட்டத்தில், மூலத்தில் ‘ஆம்’ என்று இருந்தது. அவளுடைய தாளில் ‘இல்லை’ என்று இருந்தது. அந்தச் சொல்லை அவள் அடிக்கவே இல்லை.

அவள் அடிக்காததை அடித்தது அவள் எழுதிய மென்பொருள்.

சுபாஷினி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து முத்திரை பெற்ற மொழிபெயர்ப்பாளர். படிவங்களோடு பதினொரு வருடம் மாரடித்தவள், முப்பத்திரண்டாவது வயதில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. இலவசப் பாடங்களைப் பார்த்தாள், பிழைவிட்டாள், மறுபடி எழுதினாள். அப்படி எழுதியதுதான் ‘கூடு’. திரையின் ஒரு பக்கம் பழைய சான்றிதழ், மறுபக்கம் மொழிபெயர்ப்பு. கூட்டுக்குக் கூடு வரிசையாக வரும். ஒன்றையும் தவறவிட முடியாது. தனக்கென்று செய்ததை மற்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கொடுத்தாள். காலை முழுவதும் ஒரு கட்டுத் தாளோடு இருந்தவர்கள் பத்து மணித் தேநீருக்கே அதை முடித்துவிட்டு எழும்பினார்கள்.

ஒன்பது நாட்களுக்கு முன் அதில் ஒரு வசதி சேர்த்திருந்தாள். மாவட்டம், பிரிவு போன்றவை அடுத்தடுத்த சான்றிதழ்களில் ஒன்றாகவே இருக்கும். முந்தைய தாளில் உள்ளதை அடுத்த தாளுக்குத் தானாகவே கொண்டுவரும்படி செய்தாள். அப்படிக் கொண்டுவர வேண்டிய கூடுகளின் பட்டியலில் விவாகக் கூட்டின் இலக்கமும் தவறிப்போய்ச் சேர்ந்திருந்தது. முந்தைய தாளில் ‘இல்லை’ என்றால், கவனிக்காமல் தாண்டிப் போகிறவரின் அடுத்த தாளிலும் ‘இல்லை’தான்.

அடுத்த திங்கட்கிழமை பொரளையில் மொழிபெயர்ப்பாளர் சங்கக் கூட்டம். அங்கத்தவர்கள் எல்லோருக்கும் ‘கூடு’தான் என்று அன்று முடிவெடுக்க இருந்தார்கள். வெள்ளவத்தையில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் ஜெயகுமாருக்குத்தான் அவள் முதலில் தொலைபேசி எடுத்தாள்.

“இதுக்கேன் பதறுறீர்? திருத்திப்போட்டு, புது வேர்ஷன் எண்டு அனுப்பிவிடும். ஆருக்குத் தெரியப்போகுது?”

“ஏற்கனவே முத்திரை குத்திக் குடுத்த பேப்பர் என்னாகும் அண்ணே?”

“திங்கக்கிழமை முடியட்டும், பாப்பம்.”

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றீங்களா?”

“மறைக்கச் சொல்லேல்ல. நாலு நாளைக்கு மூடி வையும் எண்டுதான்.”

அவள் மூடி வைக்கவில்லை. அன்று பகலுக்குள் பிழையைத் திருத்தினாள். ஆனால் யார் யாருடைய தாளில் பிழை போயிற்று என்று அறிய அவளுக்கு வழி இல்லை. ஊராரின் சான்றிதழ் எதையும் தன்னிடம் அனுப்பாதபடிதான் ‘கூட்டை’க் கட்டியிருந்தாள். அதைப் பாவித்து வேலை செய்பவர்கள் முப்பத்தேழு பேர். கீழே அச்சகத்தில் தாள் வெட்டும் அவளுடைய அண்ணன் ஜீவராஜ் அவர்களுடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தாள். எல்லோரிடமும் ஒரே வாசகம்: “பிழை என்னுடையது. ஒன்பது நாள் தாள்களையும் எடுத்து அந்தக் கூட்டைப் பாருங்கள்.”

சிலர் நன்றி சொன்னார்கள். கண்டியிலிருந்து ஒருவர், “இதுக்குத்தானே தங்கச்சி நான் பேனைய விடாம இருந்தேன், நீதானே விடச் சொன்ன” என்று குத்தினார். வாங்கிக்கொண்டாள்.

வியாழன் பின்னேரத்துக்குள் முப்பத்தேழு பேரும் பார்த்து முடித்தார்கள். அவளுடையதைத் தவிர மூன்று தாள்கள் பிழை. இரண்டு இன்னும் மேசையிலேயே இருந்தன. மூன்றாவது, வெள்ளவத்தை ஐறீன் மொழிபெயர்த்தது, கைமாறிப் போய்விட்டது. அது ஷபீகா என்ற பெண்ணின் சான்றிதழ். வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போக வெள்ளி காலை தூதரகத்தில் அவளுக்கு நேர்முகம்.

அண்ணன் ஜீவராஜின் மோட்டார் சைக்கிளில் சுபாஷினி வெள்ளவத்தைக்குப் போனாள். ஐறீன் புதுத் தாளோடு வாசலில் காத்திருந்தார். இருவரும் இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த ஷபீகாவின் வீட்டுக்கு நடந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் ஷபீகா தூதரகத்துக்கு எடுத்துவைத்த கோப்பை இழுத்தெடுத்து வாசித்தாள். முகம் சிவந்தது.

“எங்கட உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் கலியாணமே நடக்கல்லன்டா எழுதி ஈக்கு? இத நான் வெள்ளக்காரன்ட கையில குடுக்கப் போனேனே!”

உள்ளேயிருந்து அவளுடைய உம்மா பர்ஸானா வந்தார். “என்னவாம்?”

சுபாஷினி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். “பிழை இவங்கட இல்லம்மா. கம்ப்யூட்டர்ல நான் எழுதினதுல வந்த பிழை. மன்னிச்சுக்கங்க.”

பர்ஸானா மகளின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். “கலியாணம் முடிக்காமயா மகள், முப்பத்தாறு வருஷம் அந்த மனிசனோட சண்ட புடிச்சன்?” என்றார். ஷபீகாவுக்குக் கோபத்தின் நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஐறீன் புதுத் தாளைக் கொடுத்துப் பழையதை வாங்கினார். ஷபீகா மட்டும் புதுத் தாளின் ஒவ்வொரு கூட்டையும் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர்களைப் போகவிட்டாள். அது நியாயந்தான்.

திங்கட்கிழமை சுபாஷினிக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பத்தைப் பிழைக்கே கொடுத்தாள். எப்படி வந்தது, எத்தனை தாள், எப்படித் திருத்தினாள், இப்போது அந்தக் கூட்டைக் கையால் நிரப்பாமல் தாள் அச்சுக்கே போகாது என்பது வரை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள்.

தலைவர் றேமண்ட் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். கண்ணாடியைக் கழற்றினார். “அதுதான் திருத்தியாச்சே பிள்ள. பிறகேன் இங்க வந்து சொல்றீங்க?”

“முத்திரை உங்க எல்லார்ட பேர்லயும் இருக்கு சேர். என்ட பேர் அந்தத் தாள்ல எங்கயும் இல்ல. நாளைக்கு யாரும் கேட்டா, பதில் சொல்லப் போறது நீங்க.”

“இன்னும் எத்தன பிழை இருக்கோ?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“தெரியாது. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஐறீன் எழுந்தார். “இருபத்தெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கிறன். தன்ட பிழைய தானே தூக்கிக்கொண்டு என்ட வீட்டு வாசலுக்கு வந்த ஆள் இவ ஒராள்தான்.” உட்கார்ந்துவிட்டார்.

அன்று ‘கூட்டை’ முழுதாக ஏற்கவில்லை. மூன்று மாதம் பாவித்துப் பார்ப்போம் என்று தீர்மானித்தார்கள். சுபாஷினிக்கு அதில் குறை இல்லை. தேநீர் வேளையில் றேமண்ட் தன் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதில ஏத்திவிடுங்க. முதல் வேலையா உங்கட பிழைகளைத்தான் தேடப்போறன், பயமில்லையா?”

“தேடுங்க சேர். கண்டா அன்னைக்கே சொல்லுங்க.”

வியாழக்கிழமை அவர் மூன்று பிழைகளை எழுதி அனுப்பினார். இரண்டு, அவருக்கு விளங்காததால் பிழை என்று தோன்றியவை. ஒன்று உண்மையான பிழை. சுபாஷினி அன்றே அதைத் திருத்தி, கண்டுபிடித்தவர் றேமண்ட் என்று முதல் வரியிலேயே எழுதி, பாவிக்கும் எல்லோருக்கும் அனுப்பினாள்.